ஆறு விரல் அம்மன்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுச் சாமித்தட்டுக்கு முன்னால் இருந்தவர்கள் மூன்று பேர். அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நான். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வார்டில் கொடுக்கிற ஒரு சீட்டுக்கு ஒருத்தரைத்தான் உள்ளே விடுவார்கள், மதியம் அம்மா என்றால் சாயங்காலம் அப்பா. நாலு வயசுத் தம்பி அங்கே மூளைக் காய்ச்சலோடு மூன்று நாளாகக் கண் திறக்காமல் கிடந்தான். யாரையாவது விட்டுவிட்டேனா என்று இத்தனை வருஷத்தில் எத்தனையோ தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன். ஆள் மூன்றுதான். நான்காவதாக ஒருத்தி தட்டில் இருந்தாள். அவள் யாரென்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

உங்களில் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், எழுபதுகளில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கதைப்புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குகிற வீடு குறைவு. வாடகைக்கு எடுப்பதுதான். எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசை முடிகிற இடத்தில், தையல் கடையை ஒட்டி, ஓர் ஆள் கையை விரித்தால் இரண்டு சுவரும் தொடுகிற அகலத்தில் ஒரு கடை. கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, இரண்டு பேனா. நாங்கள் அவரைப் புத்தக அங்கிள் என்போம். மூன்று நாளைக்குப் பத்துக் காசு, பிந்தினால் ஒரு நாளைக்கு ஐந்து காசு. நூறு காசு சேர்ந்தால் ஒரு வெள்ளி.

அவரிடம் ஒரு பழக்கம். மெட்ராஸிலிருந்து கப்பலில் கட்டு வந்து இறங்கியதும், முதல் வேலையாகப் புத்தகத்தின் அட்டையைக் கழற்றிவிடுவார். பிள்ளைகள் படத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். புத்தகத்துக்குக் காக்கித் துணியில் பைண்டு போட்டு எண் எழுதுவார். கழற்றிய அட்டைகளைக் கடையின் குறுக்கே கட்டிய கம்பியில், துணி காயப்போடுகிற மாதிரி, கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவார். கதை வாடகைக்கு, படம் பார்வைக்கு. வீட்டில் கதையைப் படிக்கும்போது படம் கையில் இருக்காது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கம்பிக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, படித்ததோடு பொருத்திக்கொள்ள வேண்டும். வார்னிஷ் வாசனையும் பசை வாசனையும் கலந்து வரும். கழுத்து வலிக்கும். "பார்த்தது போதும் பிள்ளை, வழி விடு," என்பார்.

அந்தக் கம்பியில் ஒரு பக்கம் முழுக்க 'ஏழாற்று நாடு' வரிசைக்குத்தான். மாதம் ஒரு புத்தகம். எழுதுகிறவர்கள் நாலு பேர், முறை வைத்து எழுதுவார்கள். நாடு ஒன்று, ஆறு ஏழு, அரசர்களும் பேய்களும் எல்லாருக்கும் பொது. பின்பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கும். ஒருத்தர் கொன்ற தளபதியை இன்னொருத்தர் மறந்துபோய் மூன்று மாதம் கழித்துக் குதிரையில் ஏற்றிவிடுவார். அதெல்லாம் எங்களுக்குப் பெரிசில்லை. ஆனால் படம் போடுகிறவர் மட்டும் எப்போதும் ஒரே ஆள். நாலு பேருடைய நாடும் ஒரே நாடாக இருந்தது அவர் கையால்தான் என்று இப்போது தோன்றுகிறது. சாமி காலண்டரும் வரைகிறவராக இருக்க வேண்டும். அந்தச் சிவப்பும், அந்தப் பொன்னும், தாமரை மாதிரி விரிந்த விரல்களும் எங்கள் வீட்டு மாரியம்மன் காலண்டரில் இருப்பது போலவே இருக்கும்.

பதினோராம் புத்தகத்தில் அவள் வந்தாள். இருள்நாச்சி.

அட்டையில் சிவப்புப் புடவை, நாகம் சுற்றிய கிரீடம், காலடியில் புலி. இடது உள்ளங்கையில் ஒரு அகல்விளக்கு, அந்தக் கையில் ஆறு விரல். முகம் அழகு. அதுதான் பயம். கதையில் அவள் வாசல் வாசலாக வருவாள், கேட்க மாட்டாள், நிற்பாள். எந்தக் கை அவளுக்கு விளக்கேற்றுகிறதோ, அந்த வீட்டுக் கடைக்குட்டியை அவள் எடுத்துக்கொள்வாள். இதைப் படித்த அன்றைக்கு நான் தம்பியின் பாயை என் பாயோடு சேர்த்துப் போட்டுக்கொண்டேன்.

பயந்தவள் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் படம் வேண்டும் என்று ஆகிவிட்டது. பக்கத்தில் வைத்து நன்றாகப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும் என்று ஒரு நினைப்பு. ஒரு நாள் திடீரென்று மழைக்காற்று அடித்தது. அங்கிள் வாசலில் இருந்த பலகையை உள்ளே இழுக்க ஓடினார். கம்பியிலிருந்த அட்டைகளெல்லாம் படபடவென்று அடித்துக்கொண்டன. நான் எட்டிப் பிடித்து இழுத்தேன். புத்தகத்தின் பெயர் இருந்த மேல்துண்டு கிளிப்பிலேயே மாட்டிக்கொண்டது. படம் என் கையில் வந்தது. பின்பக்கம் வெறும் வெள்ளை. மலாய்ப் பாட நோட்டுக்குள் செருகிக்கொண்டு மழையிலேயே ஓடினேன்.

எங்கே ஒளித்து வைப்பது? இரண்டு அறை வீடு. சாமித்தட்டில் விரித்திருந்த பழைய பேப்பருக்கு அடியில் வைத்தேன். அங்கே பிள்ளைகள் கை வைக்கக் கூடாது. அதனால் யாரும் என்னைச் சந்தேகப்பட மாட்டார்கள். பன்னிரண்டு வயசுப் புத்தி அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். என்னை வார்டுக்குள் விடவில்லை. வாசலில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி என் உயரத்தைப் பார்த்து, "புடாக் தாக் போலே," சின்னப் பிள்ளைகளுக்கு அனுமதியில்லை, என்று கையை ஆட்டினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போய்வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே தம்பி எப்படி இருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. யாருடைய முகமும் நன்றாக இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா தட்டைத் துடைக்கப் பழைய பேப்பரை எடுத்தாள். நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.  பிறகு, "அக்கா! அக்கா, ஓடியாங்களேன்!" என்று பக்கத்து வீட்டை நோக்கி ஒரு குரல். எனக்குக் கை துருவியில் பட்டு ரத்தம் வந்துவிட்டது.

பெரியம்மா வந்து பார்த்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "யாரு வச்சா?"

"யாரும் வைக்கலக்கா. போன வெள்ளிக்கு நான்தானே பேப்பர் போட்டேன். அப்ப இல்ல."

"அப்ப அவளே வந்திருக்கா லா," என்றார் பெரியம்மா. கன்னத்தில் போட்டுக்கொண்டார். "புள்ள கெடக்குற கெடையில, வீடு தேடி வந்திருக்கா. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? வெளக்கப் போடு!"

போன வெள்ளிக்கிழமை இல்லைதான். சனிக்கிழமைதான் நான் வைத்தேன். அதைச் சொன்னால், திருடினேன் என்று சொல்ல வேண்டும். அதைவிட, எங்கள் எதிரே நிற்பது எவள் என்று சொல்ல வேண்டும். அம்மா குங்குமம் எடுத்து அவள் நெற்றியில் வைத்தாள். கிரீடத்துக்கு மேலே மல்லிகைச் சரம் தொங்கவிட்டாள். பிறகு அம்மாவின் கை தீப்பெட்டிக்குப் போனது.

நான் பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினேன்.

அவ்வளவுதான் செய்தேன். அம்மா ஏற்றக் கூடாது, ஏற்றினால் தம்பி போய்விடுவான், தீப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் நெஞ்சோடு தீப்பெட்டியை அழுத்திக்கொண்டு, ரத்த விரலோடு, அழுதுகொண்டு நின்றேன்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "ஏய், இங்க பாரு," என்று அம்மாவின் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார். "புள்ள மேல வந்து கேக்குறா. இவ கையால ஏத்தச் சொல்லுறா."

அம்மா அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். என்னையா, அவளையா தெரியாது. "ஏத்துடி கண்ணு. தம்பி வந்துடுவான். ஏத்து."

என் கை ஏற்றியது. மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது. அப்போதே அம்மா சத்தமாக வேண்டிக்கொண்டாள். என் மகன் பிழைத்து வந்தால், அவன் பெரியவனாகிற வரைக்கும், ஒருநாளும் தவறாமல், சாயங்காலம் ஆறரைக்கு, இதே பிள்ளை கையால் உனக்கு விளக்கு. மணி அப்போது ஆறரை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மறுநாள் நான் புத்தகக் கடைக்குப் போனேன். படத்தைத் திருப்பிக் கொடுக்கவா? இல்லை. பன்னிரண்டாம் புத்தகம் வேண்டியிருந்தது. அதை எழுதுகிறவர் வேறு ஆள். ஒருத்தர் போட்ட முடிச்சை அடுத்தவர் அவிழ்ப்பது அந்தக் கதைகளில் வழக்கம். ஏற்றிய விளக்கைத் திரும்பப் பெற ஏதாவது வழி அதில் இருக்கும். தம்பிக்கு அதற்குள் எதுவும் ஆகிவிடக் கூடாது.

பிந்திப்போன பதினோராம் புத்தகத்தை மேசையில் வைத்தேன். அங்கிள் நோட்டைப் பார்த்துக்கொண்டே, "ஆறு நாள் பிந்திட்டுது," என்றார்.

"அங்கிள், பன்னெண்டு வந்திருச்சா?"

"வரேல்லை. கப்பல் பினாங்கில நிக்குது."

"அங்கிள், இருள்நாச்சிக்கு வெளக்கு ஏத்திட்டா, அப்புறம் வேணாம்னு சொல்ல முடியுமா?"

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நான் கதை வாசிக்கிறேல்லை பிள்ளை. எனக்கு அதுக்கு நேரமில்லை." பிறகு பேனாவைக் கம்பியின் பக்கம் நீட்டினார். கிளிப்பில் அந்தப் பெயர்த்துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "அது கிடக்கட்டும். உதின்ரை கீழ்ப்பக்கம் எங்கை? ஆர் எடுத்தது?"

நான் ஓடிவிட்டேன். "பிள்ளை! இஞ்சை வா பிள்ளை!" என்று தையல் கடை வரை குரல் வந்தது. அந்தக் கடைக்குள் நான் மறுபடி கால் வைக்கவேயில்லை. பன்னிரண்டாம் புத்தகம் எந்தக் கப்பலில் வந்ததோ, யார் யார் படித்தார்களோ.

நாலைந்து நாள் கழித்துப் பெரியம்மா ஒரு மடித்த சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "புத்தகக் கடைக்காரரு உங்கிட்ட குடுக்கச் சொன்னாரு. என்னாடி, லவ் லெட்டரா?" என்று சிரித்தார். நல்ல வேளை, அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பிரித்துப் பார்த்தேன். அழகான கிளார்க் கையெழுத்து. அம்மா கண்ணில் பட்டால் எல்லாம் முடிந்தது. அப்போது அப்பா படத்தை பிரேம் போட மஸ்ஜித் இந்தியா பக்கம் கொண்டுபோகத் தயாராக வைத்திருந்தார். போட்டுக்கொண்டு வந்த பிறகு, பின்னால் இருந்த அட்டைக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்தச் சீட்டைக் கத்தி முனையால் தள்ளிவிட்டேன். அவளுக்குப் பின்னாலேயே அவளுடைய பில்லும்.

அப்பாவுக்குத்தான் கொஞ்சம் சந்தேகம். பிரேமைக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கோயில் அம்மன்? ஆறு விரல் இருக்கே?"

"அம்மனுக்குப் பதினெட்டுக் கையே இருக்கும். ஒரு வெரல் கூட இருந்தா ஒங்களுக்கு என்னாவாம்?" என்றாள் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். ஆணி அடித்து மாட்டினார். அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும், அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

தம்பி பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தான். இடது காது போய்விட்டது. அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அம்மா ஊருக்கெல்லாம் சொன்னாள்: "காத மட்டும் எடுத்துக்கிட்டு புள்ளையத் திருப்பிக் குடுத்துட்டா." அம்மா அதை நன்றியாகச் சொன்னாள். நான் வேறு கணக்குப் போடுவேன். காதை எடுத்தவள் மிச்சத்தை எடுக்க எத்தனை நாளாகும்?

அடுத்த ஜனவரியில் ஆறாம் வகுப்போடு தமிழ்ப் பள்ளி முடித்து, மலாய் இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்புக்குப் போனேன். மத்தியானப் பள்ளி. ஆறே காலுக்கு மணி அடிப்பார்கள், பஸ் பிடித்து வீடு வர ஏழு ஆகிவிடும். முதல் வாரம் கடைசிப் பாடத்துக்கு இல்லாமல் ஓடிவந்தேன். இரண்டாவது வாரம் வகுப்பு டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நல்லா படிக்கிற பொண்ணு. ஆறரைக்கு நீங்க ஏத்தக் கூடாதா?"

"என் நேர்த்தியா இருந்தா நான் ஏத்துவேன் டீச்சர். அவ கேட்டது இவ கைய."

"சாமி பிள்ளையப் படிக்க வேணாம்னா சொல்லும்?"

அம்மா தம்பியைப் பிடித்து டீச்சர் முன்னால் நிறுத்தி, அவன் இடது பக்கம் கையைத் தட்டினாள். அவன் திரும்பவில்லை. "ஒரு வெளக்குத் தவறுனா இன்னொரு காது போனா, நீங்க குடுப்பீங்களா டீச்சர்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லு என்பது மாதிரி. சொல்லியிருந்தால் படிப்பு இருந்திருக்கும். ஆனால் பாருங்கள், அம்மாவுக்கு இருந்த பயம் எனக்கு இரண்டு மடங்கு. அவளைக் கும்பிடுவது தப்பு என்று எனக்குத் தெரியும். கும்பிடத் தொடங்கிவிட்டு நிறுத்துவது அதைவிட ஆபத்து என்றும் தோன்றியது. குனிந்து நின்றேன். பிப்ரவரியில் பள்ளிச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்தோம். பெரியம்மாவின் மகளுக்குப் போனது.

விளக்கு நிற்கவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் நாட்டுக் கடிகாரத்தையே அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? எல்லாரும் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. வேண்டிக்கொண்டது பழைய ஆறரைக்கா, புதிய ஆறரைக்கா? பழைய ஆறரை இப்போது ஏழு. அன்றிலிருந்து ஆறரைக்கு ஒரு தடவை, ஏழுக்கு ஒரு தடவை. தம்பிக்கு இருபத்தொரு வயசு ஆனதும் அம்மாவே, "போதும்டி, நேர்த்தி முடிஞ்சுது," என்றாள். அன்றைக்குத்தான் அவன் லோரி லைசென்ஸ் எடுத்து வந்திருந்தான். ஒரு காது மட்டும் கேட்கிறவன் லோரி ஓட்டப்போகிறான். எப்படி நிறுத்துவேன்?

குவார்ட்டர்ஸை இடித்தார்கள், புத்தகக் கடையும் போயிற்று. அப்பா போனார், அம்மாவும் போனாள், ஒன்றும் தெரியாமலே. கிள்ளானில் தம்பி வீட்டில் நான் இருக்கிறேன். அவளும் கூடவே வந்தாள்.

போன மாதம் தம்பி மகள் ஒரு கனத்த பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு வந்தாள். 'ஏழாற்று நாடு' எல்லாம் சேர்த்து மறுபதிப்பு, இரண்டு தொகுதி, வழவழவென்ற தாள். பின்னால் பழைய அட்டைகளையெல்லாம் வண்ணத்தில் போட்டிருந்தார்கள். கூடத்தில் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான், ஏழரைக்குத் துறைமுகத்துக்கு லோரி எடுக்க வேண்டும். அவள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"அத்தை. இங்க பாருங்க. நம்ம வீட்டு சாமி."

நான் தேத்தண்ணீரைக் கீழே வைத்தேன்.

"டேடி, பாருங்களேன்! புலி, பாம்பு, ஆறு விரல், சேம் லா! இவ வில்லி டேடி!" அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஸ்டூலைப் போட்டுப் படத்தை இறக்கி, புத்தகத்தோடு வைத்துப் பார்க்கிறேன் என்று பின்னட்டையைக் கழற்றினாள். சீட்டு கீழே விழுந்தது. பழுப்பாகி, நாலாக மடித்தபடி.

தம்பி குனிந்து எடுத்துப் படித்தான். அவன் தமிழைக் கொஞ்சம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். நேரம் எடுத்தது. நான் அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவனுடைய வலது பக்கம் நின்றுதான் சொன்னேன்.

"அப்ப நான் யாரால பொழைச்சேன்?"

"டாக்டராலதான்டா. ஊசி போட்டாங்க."

"காது?"

"அது காய்ச்சல்ல போனது."

அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு கேட்டான்.

"அப்ப நீ?"

நான் சீட்டை எடுத்துப் பழைய மடிப்பிலேயே மடித்தேன். 

அந்த ராத்திரி இல்லை, அடுத்த நாள் பகலில்தான், பன்னிரண்டாம் புத்தகத்தை எடுத்தேன். அப்புறம் பதிமூன்று, பதினான்கு, கடைசி வரை. எட்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டில் இருள்நாச்சி வருகிறாள். ஆற்றங்கரையில் ஓடம் ஓட்டுகிறாள், காசு வாங்காமல் ஆளை அக்கரை சேர்க்கிறாள். விளக்கு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவிழ்ப்பதற்கு முடிச்சே இல்லை. மற்ற மூன்று பேருக்கும் அப்படி ஒரு பேச்சு இருந்ததே தெரியவில்லை. பதினொன்றை எழுதியவரும் அடுத்த முறை வரும்போது மறந்துவிட்டார். ஆறாவது விரல் எந்தக் கதையிலும் இல்லை. படம் போட்டவர் கை தவறி ஒன்று கூடப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். அந்த விளக்குப் பேச்சும், அந்த மாதம் எத்தனை பக்கம் குறைந்ததோ, அதை நிரப்ப எழுதியவர் சேர்த்த இரண்டு வரி.

ஆனால் அன்றைக்கு, தம்பி மகள் படத்தை இறக்கிய அன்றைக்கு, மணி ஆறரை ஆனபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. தம்பி கையைக் கழுவிவிட்டுச் சாவியை எடுத்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கும் ஏத்தப் போறியாக்கா?"

"ரோடு வழுக்கும்டா," என்றேன்.

அவன் பின்னட்டையைத் திரும்பப் பொருத்தினான். படத்தை அவனே தூக்கி ஆணியில் மாட்டினான். தீப்பெட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் ஏற்றுகிற வரைக்கும் பக்கத்தில் நின்றான். பிறகுதான் போனான். ஏழு மணிக்கு இன்னொரு தடவை ஏற்றினேன். எல்லாம் படித்து முடித்த பிறகும் நேற்று ஏற்றினேன்.

சீட்டு இப்போது என் பர்ஸில் இருக்கிறது. கொடுக்க ஆள் இல்லை. கிளார்க் கையெழுத்து மங்கவே இல்லை: ஏழாற்று நாடு பதினொன்று, பிந்திய நாள் ஆறு, முப்பது காசு, அட்டை ஒன்று, ஒரு வெள்ளி ஐம்பது காசு. வரவேண்டிய பாக்கி, ஒரு வெள்ளி எண்பது காசு.